படகு எஞ்சின் சூடேறுகிறது, தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது: எங்கே பார்ப்பது?

சத்துவாச்சாரிவாசி

வணக்கம். லாரி, டிராக்டர், பம்புசெட் என்று டீசலோடு வாழ்கிறவர்கள் நம்ம வேலூர், ராணிப்பேட்டை பக்கத்தில் நிறைய பேர் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். எஞ்சின் ஓடுவது கடலோரத்தில் என்றாலும் பிரித்து வேலை பார்த்தது நம்ம ஊரில்தான்.

என் மச்சானுக்குப் பழவேற்காட்டில் ஒரு படகு இருக்கிறது. உள்ளே பொருத்திய நான்கு சிலிண்டர் டீசல், 50 குதிரைத்திறன். அடிப்படையில் டிராக்டர் எஞ்சின், படகுக்காக மாற்றியது. ரேடியேட்டர், ஃபேன் கிடையாது, அதற்குப் பதில் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் குழாய்க்கட்டு. உப்புத்தண்ணீர் அடியிலிருந்து ஸ்ட்ரெய்னர் (குப்பை வடிகட்டி), ரப்பர் இம்பெல்லர் (இதழ்ச் சக்கரம்) பம்பு வழியாக ஏறி, எக்ஸ்சேஞ்சருக்குள் போய், பிறகு எக்ஸாஸ்ட் எல்போவில் புகையோடு கலந்து பின்னால் கொட்டும். எஞ்சினுக்குள் சுற்றுவது தனியாக நல்ல தண்ணீர்.

மழைக்காலத்துக்கு முன் ஹெட்டைக் கழற்றி வால்வு, கேஸ்கெட் வேலை செய்தோம். நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று டெம்போவில் ஏற்றி இங்கே ஒரு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். திரும்பப் பொருத்தியதிலிருந்து தொல்லை. ஐடிலில் 75 டிகிரி. 1,200 ஆர்பிஎம் வரை பிரச்சினை இல்லை. வலையோடு 1,800-க்குப் போனால் கால் மணி நேரத்தில் 100-ஐத் தொட்டு அலாரம் அடிக்கிறது. குறைத்தால் மெதுவாக இறங்குகிறது. பின்னால் தண்ணீர் நன்றாகவே கொட்டுகிறது. இம்பெல்லர் புதிதாக மாற்றியாகிவிட்டது, அதே கதைதான். இப்போது ஒருவர் திரும்பவும் ஹெட்டைக் கழற்றணும் என்கிறார்.

பழவேற்காடு முகத்துவாரம் மணல் சேர்ந்து குறுகிக் கிடக்கும் இடம், அலை அங்கேதான் உடையும். அந்த இடத்தில் எஞ்சினைக் குறைக்க முடியாது. அதனால்தான் கவலை.

ஆரணி டீசல்

ஹெட்டைத் தொடாதீர்கள். முதலில் ஒரு கேள்வி: எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா, கேஜ் அப்படிக் காட்டுகிறதா? ஹெட் வேலையின்போது சென்சார் ஒயரைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். அந்த ஒயரின் உறை எங்காவது உரசித் தேய்ந்து இரும்பில் பட்டால் முள் சூட்டுப் பக்கம் ஓடும். சென்சார் அடியில் எர்த் சரியில்லை என்றால் நேர்மாறாக, குறைவாகக் காட்டும். அது இன்னும் ஆபத்து.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். பளபளப்பான அலுமினியத்திலும் பித்தளையிலும் அது தப்பாகக் காட்டும். அளக்க வேண்டிய இடத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, பக்கத்தில் வைத்து அதன்மேல் அளக்கணும். ரப்பர் ஹோஸ் மேல் அளந்தால் உள்ளே இருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும், உலோகக் கழுத்தில் அளங்கள்.

அரக்கோணம் ஓபிஎம்

பேரிடர் மீட்புப் படை எங்கள் ஊரில் இருப்பதால் படகு மோட்டார் எங்களுக்குப் புதிதில்லை. என் கை பழகியது அவுட்போர்டில், அதாவது படகுக்கு வெளியே பின்னால் மாட்டும் மோட்டாரில். ஆனாலும் தண்ணீர் உறிஞ்சும் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. புரொப்பெல்லர் கிளறும் சேறு, பாசி, பிளாஸ்டிக் பை எல்லாம் உறிஞ்சு வாயில் வந்து நிற்கும். எஞ்சின் நின்றதும் பை நழுவி விழுந்துவிடும், நீங்கள் பார்க்கும்போது சுத்தமாக இருக்கும். அப்புறம் உறிஞ்சும் ஹோஸ். உள்ளே கம்பிச்சுருள் இல்லாத சாதா ஹோஸ் போட்டிருந்தால் அதிக ஆர்பிஎம்மில் உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐடிலில் பார்த்தால் உருண்டையாக நிற்கும். 1,800-ல் ஓடும்போது ஒருவர் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெய்னர் மூடியின் ஓ-ரிங்கையும் பாருங்கள், காற்று இழுத்தால் கண்ணாடி மூடிக்குள் குமிழி தெரியும்.

பழைய இம்பெல்லரின் இதழ்கள் முழுசாக இருந்தனவா? ஒன்று உடைந்திருந்தாலும் துண்டு எங்கோ உள்ளே இருக்கிறது. அநேகமாக எக்ஸ்சேஞ்சர் வாசலில்.

சத்துவாச்சாரிவாசி

பழைய இம்பெல்லரை மச்சான் வைத்திருக்கிறார். இதழ் எல்லாம் இருக்கிறது, ஓரம் மட்டும் கெட்டிப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரெய்னர் சுத்தம், ஹோஸ் கம்பி வைத்ததுதான். சூடும் உண்மைதான். டேப் ஒட்டி அளந்தேன், கேஜ் 98 காட்டும்போது தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) ஹவுசிங்கில் 96.

காட்பாடி தெர்மல்

"நன்றாகக் கொட்டுகிறது" என்பதை ஒரு எண்ணாக மாற்றலாம். பாடம் எடுக்கிற பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

50 குதிரைத்திறன் என்றால் சுமார் 37 கிலோவாட். இந்த மாதிரி டீசலில் முழுச் சுமையில் குளிர்விக்கும் தண்ணீர் சுமக்க வேண்டிய வெப்பம் தோராயமாக 30 கிலோவாட் என்று வையுங்கள். உப்புத்தண்ணீர் 10 டிகிரி சூடேறி வெளியே போனால் போதும் என்று கணக்குப் போட்டால், வினாடிக்கு முக்கால் கிலோ, அதாவது நிமிடத்துக்கு 45 லிட்டர் அளவுக்கு ஓட்டம் வேண்டும். 20 லிட்டர் வாளி அரை நிமிடத்துக்குள் நிரம்பணும். ஓட்டம் பாதியானால் அதே வெப்பத்துக்குத் தண்ணீர் 20 டிகிரி ஏறும். உப்புத்தண்ணீர் 50 டிகிரியைத் தாண்ட ஆரம்பித்தால் குழாய்க்குள் உப்புப் படிவதும் வேகமெடுக்கும்.

படகை வலுவான கயிறுகளால் கட்டிப்போட்டு, கியரில் வைத்து 1,800-ல் வாளியைப் பிடியுங்கள். கயிறு அறுந்தால் வீசுகிற திசையில் யாரும் நிற்கக் கூடாது.

வாலாஜா லாரி

இவ்வளவு தூரம் எதற்கு? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் வெயிலில் லோடு ஏற்றி ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். குளிர்நாட்டுக்காரனுக்கு வேண்டிய பொருள் அது.

கம்மவான்பேட்டை எக்ஸ்நேவி

வாலாஜா தம்பி, அந்த ஆலோசனையைப் பிறகு பேசுவோம். அதற்கு முன்னால் சத்துவாச்சாரி தம்பிக்கு ஒரு வேலை.

கடற்படை எஞ்சின் ரூமில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, ஸ்பேனரை எடுக்கும் முன் வெப்பம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடி என்பதுதான். உங்கள் எஞ்சினில் இரண்டு ஓட்டங்கள். எஞ்சினிலிருந்து நல்ல தண்ணீர் வெப்பத்தை எடுத்துவந்து எக்ஸ்சேஞ்சரில் கொடுக்கிறது. உப்புத்தண்ணீர் அதை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோகிறது. கொண்டுவருகிறவன், வாங்குகிறவன், நடுவில் சுவர். மூன்றில் எது வேலை செய்யவில்லை என்று நான்கு இடத்தில் அளந்தால் தெரிந்துவிடும். உப்புத்தண்ணீர் உள்ளே நுழையும் இடம், வெளியேறும் இடம். நல்ல தண்ணீர் எக்ஸ்சேஞ்சருக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம். சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், இறங்கிய பிறகு அளந்து பயனில்லை.

உப்புத்தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் ஏறுகிறது என்றால் உப்புத்தண்ணீர் போதவில்லை. அரக்கோணம் தம்பி சொன்னதெல்லாம் அங்கே வரும். உப்புத்தண்ணீர் கொஞ்சம்தான் ஏறுகிறது, நல்ல தண்ணீரும் உள்ளே போன சூட்டோடே வெளியே வருகிறது என்றால், இரண்டும் ஓடுகிறது, நடுச்சுவர் விடவில்லை. எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் படிவு. உப்புத்தண்ணீர் கொஞ்சம்தான் ஏறுகிறது, ஆனால் நல்ல தண்ணீர் ரொம்பச் சூடாக நுழைந்து ரொம்பக் குளிர்ந்து வெளியேறுகிறது என்றால், நல்ல தண்ணீர் மிக மெதுவாக ஊர்கிறது. பெல்ட், வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட், அடைப்பு, இவற்றில் ஒன்று.

நான்கும் ஒழுங்காக இருந்து ஒரேயடியாக எல்லாமே மேலே போகிறது என்றால் எஞ்சின் அளவுக்கு மீறி உழைக்கிறது. புரொப்பெல்லர் மாற்றினீர்களா? அடியில் பாசி, சிப்பி ஒட்டியிருக்கிறதா? முழுத் திராட்டிலில் எஞ்சின் தன் குறித்த ஆர்பிஎம்மை எட்டாமல் கரும்புகை விட்டால் அதுதான்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்கு: குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்தால், சூடாகும் முன்பே ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால், புகை உள்ளே வருகிறது. வராவிட்டால் ஹெட்டை மறந்துவிடுங்கள். சூடான எஞ்சினில் மட்டும் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 பார் மூடி என்றால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் அழுத்தத்தில் நிற்கும், திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

ஆரணி டீசல்

எக்ஸ்நேவி ஐயா சொன்னது எங்கள் பக்கத்துக் கிணற்று டீசல் எஞ்சின்களில் அப்படியே பொருந்தும். மெதுவாக ஓடும் பழைய எஞ்சின்களில் பம்பு டெலிவரியிலிருந்து ஒரு சின்னக் குழாய் பிரிந்து எஞ்சினுக்குள் போய்த் திரும்ப வாய்க்காலில் விழும். அந்தத் திரும்பும் தண்ணீரில் கை வைத்துப் பார்த்துத்தான் பெரியவர்கள் குழாயைத் திருகி வைப்பார்கள். வெதுவெதுப்பாக வந்தால் சரி. கொதிக்க வந்தால் தண்ணீர் பற்றவில்லை. எஞ்சின் கொதிக்கும்போது இது ஜில்லென்று வந்தால் உள்ளே வேறு கோளாறு.

சத்துவாச்சாரிவாசி

சனிக்கிழமை போய் அளந்துவந்தேன். கட்டிப்போட்டு, கியரில், 1,800-ல்:

வாளி நிரம்ப 25-லிருந்து 30 வினாடி. புகை தள்ளுவதால் கொஞ்சம் வெளியே தெறிக்கிறது.
உப்புத்தண்ணீர் உள்ளே 29, வெளியே 34.
நல்ல தண்ணீர் எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் கழுத்து 97, வெளியே வரும் கழுத்து 70.
குமிழி இல்லை. புரொப்பெல்லர் பழையதுதான். பெல்ட் இறுக்கமாக இருக்கிறது.

கம்மவான்பேட்டை எக்ஸ்நேவி

பதில் இதிலேயே இருக்கிறது. வாங்குகிறவன் தயாராக நிற்கிறான், வெறும் 5 டிகிரிதான் ஏறியிருக்கிறான். வாளிக் கணக்கும் சரி. நல்ல தண்ணீர் 27 டிகிரி இறங்குகிறது. ஆரோக்கியமான எஞ்சினில் அது பத்துக்குள் இருக்கணும். எக்ஸ்சேஞ்சருக்குள் நல்ல தண்ணீர் ஊர்ந்து போகிறது. ஹெட் வேலை செய்தபோது தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டார்களா?

குடியாத்தம் லேத்

நானும் அதையேதான் கேட்க வந்தேன். ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். இல்லாமல் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

வாலாஜா அண்ணா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. சில எஞ்சின்களில் கழற்றினாலும் ஓடும். ஆனால் பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டு. சூடானதும் மேல்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் கீழ்த்தட்டு இறங்கி பைபாஸ் துவாரத்தை அடைக்கும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீர் சுலபமான வழியைத்தான் தேடும். பம்பிலிருந்து எஞ்சினுக்கு, எஞ்சினிலிருந்து பைபாஸ் வழியாகத் திரும்பப் பம்புக்கு. எக்ஸ்சேஞ்சர் பக்கம் எட்டிப் பார்ப்பது கொஞ்சம்தான். ஐடிலில் அந்தக் கொஞ்சமே போதும், சுமை ஏறினால் போதாது. குளிரணும் என்று கழற்றிய பொருளே சூட்டுக்குக் காரணமாகிவிடும்.

லாரியில் கழற்றி ஓட்டினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கே வராமல் ஓடும். டீசல் சரியாக எரியாது, ஆயிலில் இறங்கும், லைனர் சீக்கிரம் தேயும். போரிங்குக்கு வருகிற பிளாக்குகளில் இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

வாலாஜா லாரி

இரண்டு தட்டு விஷயம் எனக்குப் புதிது. என் வண்டியில் பைபாஸ் சின்ன ஹோஸாக வெளியே இருக்கிறது, அதனால் தப்பித்திருக்கலாம். பார்க்கிறேன்.

சத்துவாச்சாரிவாசி

திறந்தோம். தெர்மோஸ்டாட் இல்லை. ஹவுசிங்கின் அடியில் பெருவிரல் அளவு பைபாஸ் துவாரம் திறந்து கிடக்கிறது.

கூடவே இன்னொன்று. எக்ஸ்சேஞ்சரின் மூடியைக் கழற்றிக் குழாய்க்கட்டை வெளியே இழுத்தோம். உப்புத்தண்ணீர் போகும் குழாய்களின் உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது. வெளிப்பக்கம், நல்ல தண்ணீர் சுற்றும் பக்கம், சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது. நுழைவாயில் பக்கம் குழாய்களுக்கு நடுவே முட்டை ஓடு போன்ற வெள்ளைச் சில்லுகளும் துருத்தூளும் சேர்ந்து பாதி வழியை அடைத்திருக்கின்றன. வொர்க்‌ஷாப்பில் கேட்டதில், ஓட்டிப் பார்த்தபோது வாசலில் இருந்த போர் தண்ணீரையே நிரப்பியதாகச் சொன்னார்கள். பழவேற்காட்டிலும் குறையும்போதெல்லாம் கையில் கிடைத்த தண்ணீரைத்தான் ஊற்றி வந்திருக்கிறார்கள்.

காட்பாடி தெர்மல்

சில்லுகள் பெரும்பாலும் பிளாக்கின் உள்சுவரிலிருந்து பெயர்ந்தவையாக இருக்கும். ஹெட்டைக் கழற்றித் தட்டிச் சுரண்டும்போது இளகி, ஓட்டம் தொடங்கியதும் அடித்துக்கொண்டு போய் முதல் குறுகலான இடத்தில் நின்றிருக்கும். ஹெட் வேலைக்குப் பிறகு தொல்லை ஆரம்பித்ததற்கு இரண்டு காரணங்களும் பொருந்துகின்றன.

படிவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் அளவில் சுண்ணாம்புப் படிவு இருபதில் ஒரு பங்குதான் கடத்தும். 1 மி.மீ. படிவு, சுமார் 20 மி.மீ. கூடுதல் இரும்புச் சுவருக்குச் சமம். இனி டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டும். கூலன்ட் கேனில் அப்படியே ஊற்றும் வகையா, கலக்கும் வகையா என்று படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஆம்பூர் தோல்பட்டறை

தண்ணீர் விஷயத்தில் நான் ஒன்று சொல்லணும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லாதபோது 600 வரை. பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி தொடங்கி ராணிப்பேட்டை வரை எத்தனை போர்களில் தண்ணீர் அதற்குள் இருக்கிறது? எங்கள் பட்டறை பாய்லருக்கு மென்னீராக்கும் கருவி இல்லாமல் ஒரு நாள் ஓட்ட மாட்டோம். தோல் தொழில் இந்த நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது எங்களுக்கும் தெரியும், அதே தண்ணீரைத்தான் எங்கள் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். எஞ்சினுக்கு அதை ஊற்றுகிறவர்கள் ஒரு டம்ளரைக் கொதிக்க வைத்து வற்றவிட்டு அடியில் என்ன நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

அரக்கோணம் ஓபிஎம்

குழாய்க்கட்டை எப்படிச் சுத்தம் செய்யப் போகிறீர்கள்? கடையில் கிடைக்கும் பாத்ரூம் ஆசிட் ஊற்றலாமா?

கம்மவான்பேட்டை எக்ஸ்நேவி

வேண்டாம். எக்ஸ்சேஞ்சரின் கூடு அலுமினியமாக இருந்தால் அந்த ஆசிட் அதைத் தின்றுவிடும். குழாய்க்கட்டை வெளியே எடுத்த நிலையில், பிளாஸ்டிக் தொட்டியில் பத்து லிட்டர் வெந்நீருக்கு அரைக் கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊறவையுங்கள். நுரைத்து வரும். நுரை நின்றும் வெள்ளை மிச்சமிருந்தால் புதிதாகக் கரைத்து மறுபடி. கம்பியால் குத்தாதீர்கள், குழாய் ஓட்டையானால் உப்புத்தண்ணீர் எஞ்சினுக்குள் வரும். நைலான் பிரஷ் போதும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, பொருத்தும் முன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பாருங்கள். ஓ-ரிங் இரண்டும் புதிது.

பிளாக்குக்குள் ஆசிட்டை ஊறவிட வேண்டாம். டிரெயின் பிளக்கைத் திறந்து, ஹோஸை எதிர்த்திசையில் பிடித்துத் தெளிவாக வரும்வரை அலசுங்கள். டிரெயின் துவாரம் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் அதை மட்டும் குத்தலாம்.

புது தெர்மோஸ்டாட்டில் திறக்கும் வெப்பம் அச்சடித்திருக்கும். மாட்டும் முன் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். 82 என்று போட்டிருந்தால் அந்தச் சுற்றில் திறக்க ஆரம்பித்து, 95-க்குள் முழுசாகத் திறக்கணும். கீழ்த்தட்டு உள்ள வகைதானா என்று பழைய பார்ட் நம்பரை வைத்துக் கேட்டு வாங்குங்கள். நீளம் குறைந்தால் தட்டு பைபாஸை எட்டாது, மாட்டியும் மாட்டாதது மாதிரிதான்.

சத்துவாச்சாரிவாசி

எல்லாம் முடித்துப் பொருத்தினோம். முதலில் வாங்கிய தெர்மோஸ்டாட் நீங்கள் சொன்னபடி நீளம் குறைவாக இருந்தது, திருப்பிக் கொடுத்துச் சரியானதை வாங்கினோம். காற்று வெளியேற மேல் திருகைத் தளர்த்தி வைத்து மெதுவாக நிரப்பினோம்.

கட்டிப்போட்டு 1,800-ல்: உப்புத்தண்ணீர் 29-லிருந்து 37. நல்ல தண்ணீர் 85-ல் நுழைந்து 79-ல் வருகிறது. கேஜ் 86-ல் நிற்கிறது. அப்புறம் மச்சான் வலையோடு முகத்துவாரம் தாண்டிப் போய்வந்தார். அலாரம் இல்லை. எல்லாருக்கும் அவர் நன்றி சொல்லச் சொன்னார், மீன் அனுப்புகிறேன் என்றும் சொல்கிறார்.

ஒரு கேள்வி பாக்கி. எக்ஸ்சேஞ்சர் மூடியில் பித்தளை பிளக்கில் பென்சில் மாதிரி ஒரு துண்டு இருந்தது, கால்வாசிதான் மிச்சம். அது என்ன? மாற்றணுமா?

கம்மவான்பேட்டை எக்ஸ்நேவி

ஜிங்க் அனோடு. உப்புத்தண்ணீரில் குழாய் அரிக்காமல் இருக்க, தான் முதலில் கரைந்துபோவதற்காக வைத்தது. பாதி கரைந்ததுமே மாற்றணும். விட்டுவிட்டால் உடைந்து உள்ளே விழுந்து குழாய் வாயை அடைக்கும், எனவே மற்ற முக்கால்வாசி முழுதும் கரைந்ததா, துண்டாக உள்ளே கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கின் மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் அது வேலை செய்யும். குடியாத்தம் தம்பி, இதே மரையில் பிளக் போட்டுத் தர முடியுமா?

குடியாத்தம் லேத்

பிளக்கைக் கொண்டுவாருங்கள், அளந்து போட்டுத் தருகிறேன். ஜிங்க் கம்பி மட்டும் சென்னையில் படகு சாமான் கடையில் வாங்கிவிடுங்கள். நம்ம பக்கத்தில் கிடைக்காது.